வேலை பழகும் பெண்ணுக்கு என்ன பெயர்?

மாலை நான்கு மணி. பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் தே தாரேக் குடிக்கக் கீழே போயிருந்தார்கள். என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஸ்பெயின் தலைநகர் மெட்ரிட்டில் எங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கும் மூத்த அம்மையார் ஒருவர் பேசினார். அங்கே அப்போது காலை பத்து மணி.

“ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். நம் நிறுவனம் வீட்டு வேலைக்கும் ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். முதல் நாள் நான் அனுப்பிய வேலை அறிவிப்பு அவர் கையில் இருந்தது. பட்டம் முடித்தவர்களுக்கான பயிற்சித் திட்டம் அது. ஆங்கிலத்தில் ‘இன்டர்ன்’ என்று இருந்ததை நான் ஸ்பானிய மொழியில் ஆணுக்கு ‘இன்தேர்னோ’ என்றும் பெண்ணுக்கு ‘இன்தேர்னா’ என்றும் எழுதியிருந்தேன். ஒலியும் பொருந்தியது, அகராதியிலும் சொல் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

“ஸ்பெயினில் ‘இன்தேர்னா’ தேவை என்று எழுதினால், வீட்டோடு தங்கி வேலை செய்யும் பணிப்பெண் தேவை என்று அர்த்தம். ‘இன்தேர்னோ’ என்றால் இன்னும் மோசம். செய்தித்தாளில் சிறைக் கைதிகளை அப்படித்தான் எழுதுவார்கள்” என்றார்.

அதாவது, ‘கைதிகளும் பணிப்பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று நான் மொழிபெயர்த்திருக்கிறேன். நல்லவேளை, அறிவிப்பு வெளியே போகவில்லை. பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாகவும், பிறகு மாலை வகுப்பிலும் ஸ்பானிய மொழி படித்தவள் நான். எங்கள் தளத்தில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஸ்பெயினுக்கும் தென் அமெரிக்கக் கிளைகளுக்கும் போகும் தாள்கள் என் மேசைக்கு வருகின்றன. அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான், வேலை கற்றுக்கொள்ளும் ஒருவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது.

உள்ளே தங்குபவர்

‘இன்தேர்னோ’ என்பதன் அடிப்படைப் பொருள் ‘உள்ளே இருப்பவர்’. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், சிறையில் இருப்பவர், எஜமானர் வீட்டிலேயே தங்கும் பணிப்பெண் எல்லாரும் உள்ளே இருப்பவர்கள்தான். ஒரு காலத்தில் இளம் மருத்துவர்களும் மருத்துவமனையிலேயே தங்கி வேலை பழகினார்கள். அதனால் மருத்துவத்தில் மட்டும் அந்தச் சொல் மரியாதையோடு நிலைத்துவிட்டது. மெக்சிகோவில் மருத்துவப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் மருத்துவமனையில் ஓராண்டு வேலை பார்க்கும் மாணவர் ‘இன்தேர்னோ’. ஸ்பெயினில் சிறப்பு மருத்துவம் பயிலும் மருத்துவருக்கு ‘மெதிகோ இன்தேர்னோ ரெசிதேந்தே’ என்று பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மீர்’ என்பார்கள். அவர் சம்பளம் வாங்கும் மருத்துவர். முதலாண்டில் இருப்பவரை ஆர்-1, இரண்டாமாண்டில் இருப்பவரை ஆர்-2 என்று எண்ணிச் சொல்வார்கள்.

நம் நாட்டில் டாக்டருக்குப் படித்த பிள்ளையை ‘ஹவுஸ்மேன் செய்கிறான்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளும் வீடு இருக்கிறது. மருத்துவமனையே வீடாக இருந்த காலத்தின் மிச்சம் அது. ஆக, மருத்துவமனைக்குள் ‘இன்தேர்னோ’ சரி. ஓர் அலுவலகத்தில் கணக்கோ கணினியோ பழக வரும் பெண்ணுக்கு ஸ்பெயினில் அது ஆகாது.

உதவித்தொகைப் பிள்ளை

மெட்ரிட் அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, “அப்படியானால் ஸ்பெயினில் எல்லாரும் சொல்லும் சொல் எது?” என்றேன். “பேச்சில் ‘பெக்காரியோ’ என்பார்கள், பெண் என்றால் ‘பெக்காரியா’” என்றார். அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவருக்குக் கூட்டம் தொடங்கிவிட்டது. நானும் சொல் கிடைத்த மகிழ்ச்சியில் அறிவிப்பைத் திருத்தினேன். தேர்வானவர்களுக்கு அனுப்ப வைத்திருந்த வரவேற்புக் கடிதத்திலும் அதே சொல்லைப் போட்டேன்.

‘பெக்கா’ என்றால் இன்று உதவித்தொகை. முற்காலத்தில் கல்லூரி மாணவர்கள் அங்கியின் மேல் மார்பின் குறுக்கே அணிந்த துணிப்பட்டைக்குத்தான் அந்தப் பெயர். எந்தக் கல்லூரி என்பதைப் பட்டையின் நிறமே சொல்லும். இன்றும் ஸ்பெயினில் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் அதை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டை அணியும் உரிமை கல்லூரியில் இடத்தைக் குறித்தது. பிறகு அந்த இடத்துக்கான பண உதவியைக் குறித்தது. அந்த உதவியைப் பெறுபவர் ‘பெக்காரியோ’. பெயர் அழகாகத்தான் இருக்கிறது.

வேலையிடத்தில் அந்தப் பெயருக்கு வேறு முகம். உதவித்தொகை வாங்குபவர் ஊழியர் அல்லர், மாணவர். அவருக்குக் கொடுப்பது சம்பளம் அன்று. எனவே ஊழியருக்கான ஊதிய அளவும் விடுப்பும் அவருக்கு இல்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, முழு ஊழியரின் வேலையை உதவித்தொகைக்குச் செய்ய வைக்கும் முதலாளிகள் உண்டு. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு பெயரே இருக்கிறது: ‘ஃபால்சோ பெக்காரியோ’, பொய்ப் பயிற்சியாளர். தொழிலாளர் ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் தாளில் உள்ள பெயரைப் பார்ப்பதில்லை, உண்மையில் நடந்த வேலையைப் பார்க்கிறார்கள். அது ஊழியரின் வேலை என்று தெரிந்தால் அவர் ஊழியர்தான். ஆனால் அதை மெய்ப்பிக்க ஓர் இளைஞர் வழக்காட வேண்டியிருக்கிறது. 2023இல் ஸ்பெயின் தொழிலாளர் அமைச்சும் தொழிற்சங்கங்களும் பெக்காரியோக்களின் உரிமைகளை வரையறுக்கும் ஒரு சட்ட வரைவுக்கு உடன்பாடு கண்டதற்கு இதுவே பின்னணி.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் கடிதம் வலென்சியா நகருக்குப் போய்விட்டது.

வலென்சியாவிலிருந்து வந்த பதில்

வலென்சியாக் கிளைக்குத் தேர்வான பெண்ணுக்கு 25 வயது. புள்ளியியலில் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மெட்ரிட்டுக்கு எழுதிய பதிலை அம்மையார் எனக்கு அனுப்பினார். கோபம் இல்லாமல், மிக நிதானமாக எழுதப்பட்ட கடிதம். தாம் இதற்கு முன் இரண்டு இடங்களில் பெக்காரியாவாக இருந்ததாகச் சொல்லியிருந்தார். முதல் இடத்தில் தொலைபேசி எடுத்தது மட்டுமே வேலை. இரண்டாம் இடத்தில், விலகிப் போன ஊழியர் ஒருவரின் முழு வேலையையும் பார்த்தார், அவருடைய சம்பளம் மட்டும் இல்லை. “மூன்றாவது முறையும் பெக்காரியா என்றால் எனக்கு வேண்டாம். வாய்ப்புக்கு நன்றி” என்று முடித்திருந்தார்.

அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அவருக்கு நாங்கள் கொடுக்கவிருந்தது உதவித்தொகை அல்ல. மெட்ரிட் வழக்கறிஞர்கள் தயாரித்து வைத்திருந்தது முறையான வேலை ஒப்பந்தம். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. தவறு என் கடிதத்தில். ஆனால் அவர் முதலில் படித்தது என் கடிதத்தைத்தான்.

2021 இறுதியில் ஸ்பெயின் தன் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. பயிற்சிக்கான வேலை ஒப்பந்தங்கள் ‘கொந்த்ராத்தோ ஃபொர்மாத்தீவோ’ என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. ‘பயிற்சி ஒப்பந்தம்’ என்று சொல்லலாம். இதில் இரண்டு வகை. ஒன்று, படித்துக்கொண்டே வேலை செய்பவருக்கு. முதலாண்டில் வேலை நேரம் முழு நேரத்தின் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, இரண்டாமாண்டில் 85 விழுக்காடு. மீதி நேரம் படிப்புக்கு. சம்பளம், செய்த நேரத்தின் அளவுக்கு, முதலாண்டில் அந்த வேலைக்குரிய ஊதியத்தில் 60 விழுக்காட்டுக்கும் இரண்டாமாண்டில் 75 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. மற்றொன்று, படித்து முடித்தவர் தம் துறையில் அனுபவம் பெறுவதற்கு. படிப்பை முடித்து மூன்று ஆண்டுகளுக்குள் சேர வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகம் போனால் ஓராண்டு. இரண்டு வகையிலும் அவர் ஊழியர். சமூகப் பாதுகாப்பு முழுமையாக உண்டு, வேலையிழப்பு உதவியும் அதில் அடங்கும்.

2024 ஜனவரி 1 முதல் ஸ்பெயினில் மாணவப் பயிற்சிக்கு வருபவர்களையும், பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சமூகப் பாதுகாப்பில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பயிற்சி நாட்கள் ஓய்வூதியக் கணக்கில் சேரும். ஆனாலும் அவர்கள் ஊழியர் ஆகிவிடுவதில்லை, வேலையிழப்பு உதவியும் இல்லை. கோடு இன்னும் அப்படியே இருக்கிறது. வலென்சியாப் பெண் கோட்டின் இந்தப் பக்கம் நிற்க வேண்டியவர். என் ஒரு சொல் அவரை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

அம்மா கேட்ட கேள்வி

அன்றிரவு கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தப் புள்ளைக்கு இபிஎஃப் பிடிக்கிறாங்களா இல்லையா?”

“பிடிக்கிறாங்கம்மா. அங்க அதுக்கு வேற பேரு.”

“அப்ப அது வேலைக்காரப் புள்ளதானே? நீ ஏன் படிக்கிற புள்ளன்னு எழுதுன?”

எனக்கு முதல் வேலை கிடைத்த நாளிலும் அம்மா இதையேதான் கேட்டார். ‘டிரெய்னி’ என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “எடுபிடி வேலையா?” என்றார். நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமநிதி என்ற வரியைக் காட்டிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கினார். பணம் சம்பளமா, கைச்செலவுக்குக் கொடுப்பதா? சட்டத்தின் முன் அந்தப் பிள்ளை யார்? எங்கள் அம்மாவுக்கு இவை இரண்டும் ஒரே கேள்வி. அகராதியைத் திறப்பதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

பட்டறையும் பெருமையும்

மறுநாள் காலை நான் யோசித்த அடுத்த சொல் ‘அப்ரெந்தீஸ்’. ‘அப்ரெந்தேர்’ என்றால் கற்றுக்கொள்வது. அதன் லத்தீன் மூலத்துக்குக் ‘கையால் பற்றுதல்’ என்று பொருள். பழைய கைவினைச் சங்கங்களில் மூன்று படிகள் இருந்தன. அப்ரெந்தீஸ், அடுத்து ‘ஒஃபிசியால்’ என்ற தேர்ந்த தொழிலாளி, மேலே ‘மாயெஸ்த்ரோ’ என்ற ஆசான். நம் கொத்து வேலையில் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி என்று படிகள் இருப்பது போல. அந்த ‘மேஸ்திரி’ போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல். அவர்களுடைய ‘மெஸ்த்ரெ’யும் ஸ்பானிய ‘மாயெஸ்த்ரோ’வும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். மெக்சிகோவில் கட்டுமான வேலையில், முழுக் கொத்தனார் ஆகாமல் பாதி வேலை பழகியவரை ‘மேதியா குச்சாரா’ என்பார்கள். அரைக் கரண்டி என்று பொருள். இங்கே கரண்டி என்பது கொத்துக் கரண்டி.

“அப்ரெந்தீஸ் என்று எழுதலாமா?” என்று மெட்ரிட் அம்மையாரிடம் கேட்டேன். உடனே மறுத்தார். ஸ்பெயினில் அந்தச் சொல் தச்சுப் பட்டறையையும் சிகை அலங்காரக் கடையையும் நினைவூட்டுமாம். அதோடு ஒரு கசப்பும் உண்டு. 1993 இறுதியில் அரசாங்கம் குறைந்த சம்பளத்தில் இளைஞர்களை அமர்த்தும் ‘அப்ரெந்தீஸ்’ ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தபோது, மக்கள் அதற்குக் ‘குப்பை ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தார்கள். 1994 ஜனவரி 27 அன்று நாடு முழுதும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அம்மையார் அப்போது இளம் ஊழியராம். “நானும் தெருவில் நின்றேன்” என்றார்.

இதே சொல்லைக் கொலம்பியாவில் தயங்காமல் எழுதலாம். அங்கே ‘சேனா’ என்று அழைக்கப்படும் தேசியத் தொழிற்பயிற்சி நிறுவனம் 1957இல் தொடங்கியது. அதன் மாணவர்கள் தங்களை ‘அப்ரெந்தீஸ்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் இத்தனை அப்ரெந்தீஸ்களை எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முன்பு அவர்களுக்குச் சம்பளம் என்று இல்லாமல் ‘வாழ்வாதார உதவி’ என்ற பெயரில் பணம் கொடுத்தார்கள். 2025இல் வந்த தொழிலாளர் சீர்திருத்தம் அந்த ஒப்பந்தத்தை வேலை ஒப்பந்தமாக மாற்றியது. சொல் அதேதான், அதைத் தாங்கியவரின் நிலை மாறிவிட்டது. மெக்சிகோவிலும் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்காக 2019இல் தொடங்கிய அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் சேர்பவர் ‘அப்ரெந்தீஸ்’தான்.

பெண்களுக்கு இச்சொல்லை எழுதும்போது இன்னொரு சிறு கேள்வியும் வரும். ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி ‘அப்ரெந்தீசா’ என்ற பெண்பால் வடிவத்தை ஏற்கிறது. ஆனாலும் ‘அப்ரெந்தீஸ்’ என்பதையே இருபாலுக்கும் எழுதுவோர் பலர். நான் அந்தந்தக் கிளையின் வழக்கத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

எல்லை தாண்டினால் பொருள் மாறும்

இதற்குப் பிறகு ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டேன். வந்த பதில்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதிகம் குழப்பியது ‘பசாந்தே’. ‘கடந்து போகிறவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஸ்பெயினில் வழக்கறிஞரிடம் தொழில் பழகும் இளையவரைக் குறிக்கும். அர்ஜென்டினாவில் மாணவர் எந்த நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனாலும் அவர் பசாந்தே. அதற்கு 2008இல் தனிச் சட்டமே வந்தது: வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது, கொடுக்கும் பணத்துக்கு ‘ஊக்கத்தொகை’ என்று பெயர். மெக்சிகோவிலோ பாடமெல்லாம் முடித்துப் பட்டம் இன்னும் கைக்கு வராதவர் பசாந்தே. அங்கே மருத்துவ மாணவர், ‘இன்தேர்னோ’ ஆண்டை முடித்தபின், ஓராண்டு சமூக சேவைக்குப் போக வேண்டும். 1936இல் தொடங்கிய வழக்கம் இது. பலர் சிற்றூர் மருந்தகங்களுக்குப் போகிறார்கள். அந்த ஆண்டு முழுதும் அவர் பசாந்தே. ஊர் மக்களுக்கோ அவர்தான் டாக்டர்.

‘பிராக்திகாந்தே’ என்பது பெரு நாட்டில் மிகச் சரியான சொல். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டம், படிக்கும்போது வருபவர், படித்து முடித்து வருபவர் என்று இரண்டு வகை பிராக்திகாந்தேக்களைப் பிரித்துச் சொல்கிறது. அதே சொல்லை ஸ்பெயினில் வயதானவரிடம் சொன்னால், கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். முன்பு ஊசி போட வீட்டுக்கு வரும் மருத்துவ உதவியாளருக்கு அந்தப் பெயர். 1950களில் அந்தத் தொழில் வேறு பெயரில் இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஊசியின் நினைவு போகவில்லை.

சமையலறையில் எடுபிடியாகச் சேர்பவரை ஸ்பெயினில் ‘பிஞ்சே’ என்று வேலை விளம்பரத்திலேயே போடுவார்கள். மெக்சிகோவில் அது திட்டும்போது வாயில் வரும் சொல். சிலியில் காதல் என்று உறுதியாகாத சிநேகிதத்தைக் குறிக்கும். ‘சமையல் உதவியாளர்’ என்ற பொருளில் ‘அயுதாந்தே தெ கொசீனா’ என்று எழுதிவிட்டால் மூன்று நாட்டிலும் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் திரைப்படப் பிடிப்பில் கீழ்ப்படியில் நின்று தொழில் பழகுபவர் ‘மெரித்தோரியோ’. தகுதியைச் சேர்த்துக்கொண்டிருப்பவர் என்ற அர்த்தம். பல சமயம் தகுதி மட்டும்தான் சேரும், பணம் சேராது.

கேலிக்கும் சொற்கள் உண்டு. ‘நொவாத்தோ’ என்றால் புது ஆள். பழைய ஊழியர் அன்போடும் சொல்வார், சீண்டவும் சொல்வார். ‘பிசோஞ்ஞோ’ என்பது இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே போர்புரியச் சென்ற ஸ்பானியப் புதுச் சிப்பாய்களை ஒட்டிப் பிறந்த சொல். மூலத்துக்குத் ‘தேவை’ என்று பொருள். புது ஆளுக்கு எல்லாமே தேவைதானே. ‘நொவெல்’ மட்டும் மரியாதையானது. ஸ்பெயினில் உரிமம் பெற்ற முதலாண்டில் காரின் பின்னால் பச்சைப் பலகையில் வெள்ளை ‘எல்’ எழுத்தை மாட்டிக்கொள்ளும் ஓட்டுநர் நொவெல். முதல் நூல் எழுதியவரும் நொவெல். வேலை ஒப்பந்தத்தில் இவற்றுக்கு இடமில்லை.

நான் வைத்திருக்கும் நான்கு கேள்விகள்

இப்போது இப்படி ஒரு தாள் மேசைக்கு வந்தால், மொழிபெயர்ப்பதற்கு முன் அனுப்பியவரிடம் நான்கு கேள்விகள் கேட்கிறேன். வேலைக்காக ஸ்பானிய மொழி படிக்கும் இளையர்களுக்கும், சுயவிவரத்தை ஸ்பானிய மொழியில் எழுதுவோருக்கும் இவை உதவலாம்.

முதலாவது, எந்த நாடு? ‘ஸ்பானிய மொழி’ என்பது பதில் ஆகாது. லீமாவுக்குப் போகும் தாளும் புவெனோஸ் அய்ரெஸுக்குப் போகும் தாளும் ஒன்றல்ல.

இரண்டாவது, எந்தத் தொழில்? மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம், பட்டறை, சமையலறை ஒவ்வொன்றுக்கும் தன் சொல் உண்டு.

மூன்றாவது, இன்னும் படிக்கிறாரா, முடித்துவிட்டாரா? படிப்பின் பகுதியாக வருபவரை ஸ்பெயினில் ‘என் பிராக்திகாஸ்’ என்று சேர்த்துச் சொல்வது பொதுவானது. இந்த ‘என்’ நம்முடைய ‘என்’ அல்ல. ‘பயிற்சியில் இருக்கும்’ என்று பொருள்.

நான்காவது, அம்மாவின் கேள்வி. பணம் சம்பளமா, உதவித்தொகையா? கையெழுத்திடுவது வேலை ஒப்பந்தத்திலா, பல்கலைக்கழக உடன்படிக்கையிலா?

பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கும்போது ‘டிரெய்னி’ என்ற ஆங்கிலச் சொல்லையே தென் அமெரிக்காவில் பயன்படுத்துவதும் உண்டு. அது சற்று உயர்ந்த படியாகவே பார்க்கப்படுகிறது. கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதலாம்.

வலென்சியாவுக்கு இரண்டாவது கடிதம்

அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்று மெட்ரிட் அம்மையாரும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம். பெக்காரியா கூடாது. அப்ரெந்தீஸ் கூடாது. ‘பயிற்சியில் இருக்கும் நபர்’ என்றால் நோயாளியின் பெயர்ச்சீட்டு போல இருக்கிறது. கடைசியில் அம்மையார் கேட்டார்: “அவர் என்ன வேலைதான் செய்யப்போகிறார்?”

“தரவுகளை ஆராயும் வேலை.”

“அப்படியானால் அதுதானே அவருடைய பெயர்.”

தரவு ஆய்வாளர் என்று முதலில் எழுதினோம். அடுத்த வரியில், பயிற்சி ஒப்பந்தத்தின் கீழ் ஓராண்டு என்று எழுதினோம். சம்பளத்தைச் ‘சம்பளம்’ என்றே எழுதினோம். யார் அவருக்குக் கற்றுக்கொடுப்பார் என்பதைப் பெயரோடு எழுதினோம், ஏனென்றால் அந்தச் சட்டப்படி பயிற்சி ஒப்பந்தத்தில் வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும். முதல் கடிதத்தில் இருந்த சொல் என்னுடைய தவறு என்று ஒரு வரி சேர்த்து என் பெயரைப் போட்டேன். ஊழியராக வருபவருக்கு அவர் செய்யும் வேலையின் பெயரை முதலில் கொடுக்க வேண்டும். கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அடுத்த வரியில் வரலாம்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தோடு வந்தது.

இதை எழுதும்போது தமிழைப் பற்றியும் யோசிக்கிறேன். நம் நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தால் காற்பந்துக் குழுவுக்குக் கற்றுக்கொடுப்பவரைப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதுகிறோம். வேலைவாய்ப்புப் பக்கத்தில் கற்றுக்கொள்ள வருபவரும் ‘பயிற்சியாளர்’. கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் ‘பழகுநர்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. வேலையைப் படிக்கிறோம் என்று நாம் சொல்வதில்லை, ‘வேலை பழகுறான்’ என்றுதானே வீட்டில் சொல்கிறோம்.

எங்கள் தளத்தில் இப்போது ஈப்போவிலிருந்து வந்த ஒரு மாணவி பயிற்சியில் இருக்கிறார். யாராவது வந்தால் “இவங்க நம்ம இன்டர்ன்” என்று அறிமுகப்படுத்தும் வழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது அவர் பெயரைச் சொல்லி, “மாதாந்திர அறிக்கையை இவங்கதான் தயாரிக்கிறாங்க” என்கிறேன். முதல் முறை அப்படிச் சொன்னபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வலென்சியாப் பெண் எனக்கு நேரடியாக எழுதியது ஒரே ஒரு முறை. வேலையில் சேர்ந்த வாரம், ஓர் அறிக்கையைப் பற்றி இரண்டு வரி. அடியில் பெயர், அதன் கீழ் ‘தரவு ஆய்வாளர்’. அந்த மின்னஞ்சலை நான் இன்னும் அழிக்கவில்லை.